பக்கத்து வளவு பற்றையாகிக் கிடந்தால் என்ன செய்வது? யாழ்ப்பாணத்தில் முறைப்பாடு செய்வோருக்கான வழிகாட்டி

உரிமையாளர் வெளிநாட்டில் இருக்க, வீடு கூரை விழுந்து, கிணறு மூடியில்லாமல், வேலி பிரிந்து, வீதியால் போகிறவர்கள் எல்லோரும் குப்பைப் பையை எறிந்துவிட்டுப் போகும் வளவு ஒன்று உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தால், இந்தக் கட்டுரை உங்களுக்கானது. எங்கள் ஒழுங்கையிலும் அப்படியொரு வளவு இருந்தது. அதைத் துப்புரவாக்குவிக்க அயலவர்களோடு சேர்ந்து அலைந்தபோது அறிந்துகொண்டவற்றை, இனி இந்த வேலையில் இறங்குகிறவர்கள் அதே அலைச்சலைப் படக்கூடாது என்பதற்காக வரிசைப்படி எழுதுகிறேன்.

இப்படியான வளவுகள் மீது நடவடிக்கை எடுக்க உள்ளூராட்சிச் சபைகளுக்கு அதிகாரம் இல்லை என்று பலர் சொல்வார்கள். அது பிழை. 1947 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்க மாநகர சபைகள் கட்டளைச் சட்டம், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் சட்டம் ஆகியவற்றில் வேண்டிய அதிகாரம் இருக்கிறது. ஆனால் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்த அலுவலருக்கு மூன்று விடயங்கள் தேவை: ஓர் ஆதன இலக்கம் (சபையின் வரிப் பதிவேட்டில் அந்த வளவுக்குரிய இலக்கம்), ஓர் உரிமையாளரின் பெயர், கண்ணால் பார்த்து உறுதிசெய்யக்கூடிய ஓர் ஆபத்து. இந்த மூன்றும் இல்லாத முறைப்பாடு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அலுவலகக் கோவைக்குள் (கோப்புக்குள்) கிடக்கும்.

1. எந்தச் சபையின் எல்லை என்பதை உறுதிசெய்யுங்கள்

இது சின்ன விடயம் போலத் தோன்றும். ஆனால் கடிதங்கள் மாதக்கணக்கில் தேங்குவதற்கு இதுவே முதற் காரணம். நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இருக்கும் பகுதி யாழ்ப்பாண மாநகர சபைக்குள் அடங்கும். சிறிது தூரத்தில் இருக்கும் திருநெல்வேலியும் கொக்குவிலும் நல்லூர்ப் பிரதேச சபைக்குள் அடங்கும். அரியாலையில் மாநகர எல்லைக்குள் இருப்பவர் நல்லூர்ப் பிரதேச செயலகத்துக்குப் போய்வருவதால் தன்னுடைய சபையும் நல்லூர்ப் பிரதேச சபைதான் என்று நினைத்துக்கொள்வார். உண்மையில் அவருடைய சபை மாநகர சபை. பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு, இரண்டின் எல்லைகளும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்திருங்கள்.

இதற்கு இலகுவான வழி உங்கள் வீட்டுச் சோலைவரி (ஆதன வரி) பற்றுச்சீட்டை எடுத்துப் பார்ப்பதுதான். எந்தச் சபைக்கு நீங்கள் வரி கட்டுகிறீர்களோ, பெரும்பாலும் அந்தச் சபையே பக்கத்து வளவுக்கும் பொறுப்பு. ஒழுங்கையே எல்லையாக இருந்து, தொல்லை தரும் வளவு எதிர்ப்பக்கத்தில் இருந்தால் மட்டும் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) கேட்டு உறுதிசெய்யுங்கள்.

2. தொல்லையைப் பிரித்து, ஒவ்வொன்றையும் உரியவரிடம் கொண்டுபோங்கள்

ஒரே வளவில் பத்துத் தொல்லைகள் இருக்கலாம்; எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டினால் அதை எந்தப் பகுதியும் தன்னுடையதாக எடுத்துக்கொள்ளாது. தேங்கிய நீர், குப்பை, மலக்குழிக் கசிவு, எலி ஆகியவை பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் வேலை. இடிந்து விழக்கூடிய சுவர், அனுமதியில்லாத கட்டடம், வீதியை அடைத்து வளர்ந்த வேலி ஆகியவை சபையின் வேலைப்பகுதிக்குப் போகவேண்டும். வெற்று வீட்டுக்குள் போதைப்பொருள் பாவனை நடந்தாலோ, பழைய வெடிபொருள் போன்ற ஏதாவது தென்பட்டாலோ, கடிதம் எழுதிக்கொண்டிராமல் பொலிசுக்கு 119 இல் சொல்லுங்கள். வெடிபொருளென்று சந்தேகித்தால் கிட்டப் போகவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம்.

ஆளில்லாத வளவுக்குப் பதிலாக, இரவு பகலாக இயங்கும் வேலைத்தலமோ களஞ்சியமோ தொல்லையாக இருந்தால் வழி சற்று வேறு. அத்தகைய இடங்கள் சபையின் வியாபார அனுமதிப் பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். பலவற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப் பத்திரமும் வேண்டும். அனுமதி புதுப்பிக்கப்படுவதற்கு முன்னர், அதாவது ஆண்டின் கடைசி மாதங்களில், எழுத்தில் கொடுக்கும் ஆட்சேபத்துக்கு இருக்கும் பலம் மற்றக் காலத்தில் கொடுக்கும் முறைப்பாட்டுக்கு இருப்பதில்லை.

இங்கே ஒரு பொறியைச் சொல்லவேண்டும். "பற்றை வளர்ந்து டெங்கு பரவுகிறது" என்று எழுதுவது வழக்கம். டெங்கு நுளம்பு பற்றையில் ஒளிந்திருக்கலாம், ஆனால் பெருகுவது தேங்கிய நீரில். பரிசோதகர் வந்து பார்த்து, நீர் தேங்கும் இடம் எதுவும் கண்ணில் படாவிட்டால், "நுளம்புப் பெருக்கம் காணப்படவில்லை" என்று எழுதிவிட்டுப் போவார். அந்த ஒரு வரி உங்கள் கோவையை மூடிவிடும். எனவே கிணறு, உடைந்த தொட்டி, பீலி, பழைய ரயர், சிரட்டை, மலசலகூடத்துக் கோப்பை என்று நீர் நிற்கும் இடங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். உவர்க் கிணற்றில் டெங்கு நுளம்பு வராது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். யாழ்ப்பாணத்தில் கைவிடப்பட்ட உவர்நீர்க் கிணறுகளிலும் அதன் குடம்பிகள் இருப்பதைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

3. உரிமையாளரைக் கண்டுபிடியுங்கள்

முழு வேலையிலும் கடினமான பகுதி இதுதான். ஆகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ஊரார் சொல்லும் பெயர் பெரும்பாலும் பழைய பெயராகவே இருக்கும். "அது இன்ன மாஸ்ரரின் வளவு" என்பார்கள். மாஸ்ரர் காலமாகி, வளவு மூத்த மகளுக்குச் சீதனமாகப் போய், அவருடைய பிள்ளைகள் மூன்று நாடுகளில் இருப்பார்கள்.

முதலில் உங்கள் சொந்தக் காணி உறுதியை (காணிப் பத்திரத்தை) எடுத்துப் பாருங்கள். இதைப் பலர் யோசிப்பதில்லை. உறுதியின் அட்டவணையில் உங்கள் காணியின் பெயரும், பரப்புக் கணக்கும், நான்கு எல்லைகளும் எழுதப்பட்டிருக்கும். தொல்லை தரும் வளவு இருக்கும் பக்கத்து எல்லையில், அந்த உறுதி எழுதப்பட்ட காலத்து உரிமையாளரின் பெயர் இருக்கும். பெரும்பாலும் அந்தக் காணியின் பெயரும் உங்கள் காணியின் பெயராகவே இருக்கும், ஏனென்றால் ஒரு காலத்தில் இரண்டும் ஒரே காணியாக இருந்து பிரிந்தவை.

இரண்டாவதாக, சபையின் வருமானப் பகுதியில் அந்த வளவின் ஆதன இலக்கத்தைக் கேளுங்கள். உங்கள் வீட்டு இலக்கத்துக்கு முன்னோ பின்னோ உள்ள இலக்கமாக அது இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பது கடினமில்லை. சபையின் பதிவேட்டில் உள்ள பெயர் பழையதாக இருந்தாலும், சபை அறிவித்தல் அனுப்பப்போவது அந்தப் பெயருக்குத்தான். எனவே பெயரைத் தெரிந்துகொள்ள முடியாவிட்டாலும் இலக்கத்தையாவது பெற்றுக்கொள்ளுங்கள். சோலைவரி பல ஆண்டுகளாகக் கட்டப்படவில்லை என்று தெரியவந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வரி நிலுவைக்காக ஆதனத்தின் மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் சபைக்குத் தனியாக உண்டு, நிலுவை அறிவித்தல் கிடைத்ததும் வெளிநாட்டிலிருந்து தொலைபேசி எடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது இடம் காணிப் பதிவகம். அங்கே கட்டணம் செலுத்திப் பதிவேட்டைப் பார்க்கலாம், பிரதியும் பெறலாம். ஆனால் வெறும் முகவரியோடு போனால் ஒன்றும் நடக்காது. பதிவேட்டின் தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் வேண்டும். அவை அந்தக் காணியின் உறுதியில் இருக்கும், உங்களிடம் அந்த உறுதி இராது. அதனால் உங்கள் உறுதியில் உள்ள பதிவு இலக்கத்திலிருந்து தொடங்கி, தாய்க்காணியின் பக்கத்தைப் பிடித்து, பிரிந்த துண்டுகளைத் தேடவேண்டியிருக்கும். பழக்கமுள்ள நொத்தாரிசு ஒருவரின் உதவி இந்த ஓர் இடத்தில் செலவுக்குத் தகும்.

பங்குக் காணியாக இருந்தால் எல்லாப் பங்காளர்களையும் தேடி ஓடவேண்டாம். பேசக்கூடிய ஒருவரைக் கண்டுபிடித்தால் போதும். மற்றவர்களுக்கு அவரே அறிவிப்பார். வளவைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் யாராவது நியமிக்கப்பட்டிருந்தால் அவருடைய பெயரையும் எழுதுங்கள், நுளம்புச் சட்டம் உரிமையாளரை மட்டுமல்லாமல் இடத்தை வைத்திருப்பவரையும் பிடிக்கும்.

உரிமையாளரோடு பேச நேர்ந்தால் ஒன்றை மனதில் வைத்துப் பேசுங்கள். கள்ள உறுதி முடித்துக் காணி பறித்த கதைகளைக் கேட்டுக் கேட்டு, வெளிநாட்டில் இருப்பவர்கள் பயந்துபோயிருக்கிறார்கள். பத்து ஆண்டு தடையில்லாமல் ஆண்டு அனுபவித்தவர் உரிமை கோரலாம் என்ற சட்டமும் அவர்களுக்குத் தெரியும். "நாங்களே துப்புரவாக்கிப் பயன்படுத்துகிறோம்" என்று நீங்கள் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் அவர்கள் காதில் அது வேறு விதமாக விழும். "உங்கள் காணி உங்களுடையதாகவே இருக்கட்டும், கிணற்றை மூடி, பற்றையை வெட்டுவித்தால் போதும்" என்று முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.

4. ஆதாரங்களைச் சேருங்கள்

ஒளிப்படங்கள் வீதியிலிருந்தோ உங்கள் வளவிலிருந்தோ எடுக்கப்பட்டவையாக இருக்கவேண்டும். மதில் ஏறிக் குதித்து எடுத்த படம், நாளைக்கு நீங்கள் அத்துமீறி நுழைந்ததற்கான சான்றாக மாறலாம். ஒவ்வொரு படத்திலும் மின்கம்பமோ, பக்கத்து வீட்டு வாசலோ, இடத்தை அடையாளம் காட்டும் ஏதாவது ஒன்று தெரியட்டும். அச்செடுத்து, பின்புறத்தில் திகதியை எழுதுங்கள். மழைக்கு முன்னர் ஒரு தடவையும் மழைக்குப் பின்னர் ஒரு தடவையும் அதே இடத்திலிருந்து எடுத்த படங்கள், நூறு வரி விளக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

ஒழுங்கையில் யாருக்காவது டெங்கு வந்தால், நோய் நிர்ணய அட்டையின் பிரதியை அவர்கள் சம்மதத்தோடு பெற்றுக்கொள்ளுங்கள். வைத்தியசாலை டெங்கு நோயாளரைப் பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவிப்பதும், அதன்பின் பரிசோதகர் வீட்டுக்கு வந்து சுற்றுப்புறத்தைப் பார்ப்பதும் நடைமுறை. அவர் வரும் நாளில் வீட்டில் ஒருவர் நின்று, அந்த வளவையும் காட்டி, பார்த்ததைக் குறித்துக்கொள்ளுமாறு கேளுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் இது பொருந்தும். 2024 டிசெம்பரில் யாழ் மாவட்டத்தில் அது உயிர்களைப் பறித்த பின்னர், எலி பெருகும் இடங்களைப் பற்றிய முறைப்பாடுகளை யாரும் இலேசாகத் தள்ளிவிட முடியாது.

மலக்குழிக் கசிவு பற்றிய சந்தேகமாக இருந்தால் உங்கள் கிணற்று நீரைப் பரிசோதிப்பதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாகவே மாதிரி எடுப்பியுங்கள். எங்கள் மண்ணுக்கு அடியில் இருப்பது வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல் என்பதால் கசிவு தூரத்துக் கிணற்றையும் எட்டும்; ஆனால் நீங்களே போத்தலில் நிரப்பிக் கொண்டுபோன தண்ணீரின் அறிக்கையை மற்றத் தரப்பு எளிதாக மறுத்துவிடும்.

5. கடிதம் எழுதும் முறை

மாநகர சபையென்றால் ஆணையாளருக்கும், பிரதேச சபையென்றால் செயலாளருக்கும் முகவரியிடுங்கள். சுகாதார விடயமென்றால் சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தனியாக இன்னொரு மூலப்பிரதி கொடுங்கள். ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்தால் மற்றதற்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருப்பது பலர் விழும் பொறி. விதானையாருக்கும் வட்டார உறுப்பினருக்கும் பிரதிகள் போதும்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். தலைப்பில் ஆதன இலக்கம், வீதி, வட்டாரம், கிராம அலுவலர் பிரிவு ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். உடலில் எழுதவேண்டியது இவ்வளவுதான்:

"மேற்படி ஆதனத்தில் வீதியோரமாக மூடியற்ற கிணறு ஒன்று உள்ளது. வீதிப்பக்க மதில் இடிந்துள்ளதால் பாடசாலைச் சிறுவர்கள் உள்ளே செல்லக்கூடிய நிலை காணப்படுகிறது. கிணற்றிலும் வளவில் உள்ள இரண்டு சீமெந்துத் தொட்டிகளிலும் நீர் தேங்கியுள்ளது. உரிமையாளர் வெளிநாட்டில் வசிப்பதாக அறிகிறோம். அவருடைய பெயர், தெரிந்தவரையில், கீழே தரப்பட்டுள்ளது. இடத்தைப் பார்வையிட்டு உரிய அறிவித்தலை வழங்குமாறும், எடுக்கப்படும் நடவடிக்கையை எழுத்தில் அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்."

பழைய எல்லைத் தகராறு, கோவில் திருவிழாவில் நடந்த வாக்குவாதம், உரிமையாளரின் குணம் ஆகியவற்றில் ஒரு சொல்லும் இதற்குள் வரக்கூடாது. வந்தால் அலுவலர் இதை அயலவர் சண்டை என்று ஒதுக்கிவிடுவார். ஒரு வீட்டாரின் ஒப்பத்தோடு போகும் கடிதத்தைவிட ஐந்தாறு வீட்டார் பெயர், முகவரி, ஒப்பம் இட்டுப் போகும் கடிதம் பலமானது.

நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இல்லாவிட்டால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். உறுப்பினருக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்புவது கெடுதலில்லை, சில வேளை வேலையும் நடக்கும்; ஆனால் அது கோவையில் ஏறாது, பிறகு மேன்முறையீடு செய்யும்போது கையில் ஒன்றும் இராது. ஒரு வாரத்துக்குள் போய்க் கோவை இலக்கத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

6. காலத்தைத் தெரிந்து கொடுங்கள்

ஒக்டோபரில் தொடங்கி டிசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழைதான் எங்களுக்குப் பிரதானம். டெங்கு டிசெம்பர், ஜனவரியில் ஏறும். அந்த மாதங்களில் பரிசோதகர்கள் நோயாளர் வீடுகளுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள். அப்போது கொடுக்கும் பற்றைக் காணி முறைப்பாடு வரிசையின் கடைசியில் நிற்கும். மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் இன்னொன்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். நல்லூர்த் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாட்களும் சபையின் ஆளணியும் சுகாதாரப் பகுதியும் கோவில் வீதியில்தான் நிற்கும். எனவே திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்னர் கொடுங்கள். முடியாவிட்டால் தேரும் தீர்த்தமும் முடிந்த மறுவாரம் கொடுங்கள். அறிவித்தலுக்குரிய தவணை முடிவதற்கும் மழை தொடங்குவதற்கும் இடையில் சில வாரங்களாவது இருக்கவேண்டும்.

7. அதன்பின் நடப்பவை

பரிசோதகர் பார்வையிடுவார்; உரிமையாளருக்குத் தவணையிட்டு அறிவித்தல் போகும்; ஆளில்லாவிட்டால் வளவில் ஒட்டப்படும். தவணை முடிந்ததும் மீண்டும் பார்த்து, செய்யப்படவில்லையென்றால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்யலாம். சபையே துப்புரவாக்கி, செலவை உரிமையாளரிடம் அறவிடவும் வழியுண்டு. ஆனால் ஆளணியும் இயந்திரமும் எப்போதும் குறைவு என்பதால் அது கடைசியாகவே நடக்கும்.

இந்த இடத்தில் அயலவர்கள் பொறுமையிழந்து, காசு சேர்த்து, தாங்களே ஜே.சி.பி. பிடித்து வளவுக்குள் இறக்குவதுண்டு. செய்யாதீர்கள். அத்துமீறல் என்பது ஒரு பக்கம். பெண் பனை, பலா, ஈரப்பலா ஆகியவற்றை அனுமதியில்லாமல் தறிப்பது தனிக் குற்றம், உரிமையாளரே தறிப்பதானாலும் பிரதேச செயலகத்தில் அனுமதி பெறவேண்டும். செலவைப் பகிர்ந்துகொள்ள விரும்பினால் அதைச் சபைக்கு எழுத்தில் தெரிவித்து, சபையின் மேற்பார்வையில் செய்வியுங்கள்.

8. பதில் வராவிட்டால்

இரண்டு வாரத்தில் நேரில் கேளுங்கள், ஒரு மாதத்தில் நினைவூட்டல் கடிதம் கொடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, காரணமும் சொல்லவேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்லப்படவேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ 14 நாட்களுக்குள் சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும் (மேன்முறையீட்டைக் கேட்பவர்), அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் பலன் இருக்கிறது. "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்டால் அது தகவல் அல்ல. "இன்ன திகதி முறைப்பாட்டின் மீது இடம் பார்வையிடப்பட்ட திகதி, பரிசோதகரின் அறிக்கையின் பிரதி, வழங்கப்பட்ட அறிவித்தலின் பிரதி" என்று கேளுங்கள். பார்வையிடாத இடத்தின் அறிக்கையைக் கொடுக்க முடியாது என்பதால், பல வேளைகளில் விண்ணப்பம் போன பிறகே ஆள் வருவார். இந்தச் சட்டம் இலங்கைப் பிரஜைகளுக்கு மட்டுமே என்பதால், வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் வைத்திருக்கும் உறவினரின் பெயரில் விண்ணப்பிக்கவேண்டாம்.

தொல்லை தருபவர் ஊரிலேயே இருக்கும் ஆளென்றால் மத்தியஸ்த சபையை முயன்று பாருங்கள். பெரும்பாலும் வார இறுதியில் கூடும், சட்டத்தரணி தேவையில்லை. உரிமையாளர் வெளிநாட்டில் என்றால் அதனால் பயனில்லை.

கடைசி வழி நீதவான் நீதிமன்றம். விழக்கூடிய கட்டடம், பொது வழியோரம் வேலியில்லாமல் இருக்கும் கிணறு அல்லது குழி, பொது வழியிலுள்ள தடை ஆகியவற்றை அகற்றவோ திருத்தவோ நிபந்தனைக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரத்தை 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 98 ஆம் பிரிவு நீதவானுக்குக் கொடுக்கிறது. பொலிஸ் அறிக்கை ஊடாக அங்கே போவதே செலவு குறைந்த வழி. முறைப்பாடு செய்யும்போது இந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள்.

9. செலவு

சபைக்கும் சுகாதாரப் பணிமனைக்கும் முறைப்பாடு கொடுக்கக் கட்டணமில்லை. படம் அச்செடுத்தல், பதிவுத் தபால், காணிப் பதிவகத் தேடல் ஆகியவை தாங்கக்கூடியவை. சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதத்துக்கு முன்கூட்டியே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். கையைக் கடிப்பது நில அளவைதான். எல்லைத் தகராறு இல்லாத இடத்தில் அதற்குள் இறங்கவே வேண்டாம்.

10. துப்புரவான பிறகு

ஒரு மழை போதும், பற்றை திரும்ப வளர்ந்துவிடும். உரிமையாளரோடு தொடர்பு கிடைத்திருந்தால், ஆண்டுக்கு ஒரு தடவை இன்னார் மேற்பார்வையில் வளவைத் துப்புரவாக்கச் சம்மதம் என்றும், இதனால் மேற்பார்வை செய்பவருக்குக் காணியில் எந்த உரிமையும் வராது என்றும் ஒரு கடிதம் எழுதி, ஒப்பமிட்டு, கடவுச்சீட்டின் பிரதியோடு அனுப்பச் சொல்லுங்கள். இதற்கு அற்றோணித் தத்துவம் (ஒருவர் சார்பில் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரம்) தேவையில்லை. அவரே கொடுக்க முன்வந்தாலும், விற்கவும் ஈடு வைக்கவும் இடம்கொடுக்கும் பொது அற்றோணித் தத்துவத்தை நீங்கள் வாங்காதீர்கள். பிறகு வரும் சந்தேகமெல்லாம் உங்கள் மேல்தான் விழும்.

துப்புரவான வளவையும் மூடிய கிணற்றையும் அன்றைய திகதியோடு படமெடுத்துக் கோவையில் வையுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி எழுதவேண்டி வந்தால் பழைய கோவை இலக்கத்தையும் முந்திய அறிவித்தலின் திகதியையும் கடிதத்தின் தலைப்பிலேயே போடுங்கள். புதிய முறைப்பாடாகக் கொடுத்தால், முதல் பார்வையிடல் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி நடத்தவேண்டியிருக்கும்.